குமிழி இல்லாமல் ஒட்ட முடியுமா? ஸ்டிக்கர் கடை அக்காவின் பதில்கள்

வாகனங்களில் வினைல், அதாவது ஸ்டிக்கர் செய்யும் பிளாஸ்டிக் படலம், ஒட்டுவது பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளை ஆசிரியர் ஒரே உறையில் போட்டு சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் கடைக்கு அனுப்பிவிட்டார். மேசையில் பரப்பிப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: குமிழி.

என் அப்பா தோட்டத்து லோரிகளுக்குத் தூரிகையால் எழுதியவர். கதவில் கம்பெனிப் பெயர், அதன் கீழே வெற்று எடை, சுமையோடு எடை. மலாயில் ‘பெராட் தன்பா முவாத்தான்’, ‘பெராட் டெங்ஙான் முவாத்தான்’. சாயம் நேராகத் தகரத்தில் உட்காரும், நடுவில் காற்று மாட்டிக்கொள்ள இடமே கிடையாது. நான் வினைலுக்கு மாறிய முதல் வருஷம் எனக்கும் குமிழிதான் பெரிய எதிரி. அதனால் உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அக்கா, என் பள்ளி வேனின் கதவு நசுங்கிவிட்டது. தட்டிச் சாயம் அடித்து வாங்கி, மூன்றாம் நாள் பெயர் ஒட்டினேன். ஒட்டியபோது கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு வாரத்துக்குள் பொடிப்பொடியாகக் குமிழி. என் கையில் என்ன கோளாறு?
– வேன் ஓட்டுநர், சாலாக்

தம்பி, ஒட்டியபோது கண்ணாடி மாதிரி இருந்தது என்றால் கை நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. நாள்தான் போதவில்லை.

புதுச் சாயம் தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் தின்னர் இன்னும் பல நாளுக்கு ஆவியாக வெளியே வந்துகொண்டே இருக்கும். அதன்மேல் வினைலை ஒட்டுவது கொதிக்கிற சட்டிக்கு மூடி போடுவதைப் போல. ஆவி போக வழியில்லாமல் வினைலுக்கு அடியில் சேரும். வேன் வெயிலில் நின்றதும் அது விரிந்து மேலே தள்ளும்.

சூட்டறையில் வைத்துக் காய்ச்சிய சாயம் என்றால் குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். நம் ஊர்ப் பக்கத்துப் பட்டறைகளில் பெரும்பாலும் திறந்த கொட்டகையில்தான் காய வைக்கிறார்கள். அதற்கு ஒரு மாதம் வேண்டும். சாயம் தயாராகிவிட்டதா, இல்லையா என்று சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். உள்ளங்கை அளவு வினைல் துண்டை அந்தக் கதவிலேயே ஒட்டி, ஒரு பகல் முழுக்க வெயிலில் விடுங்கள். மாலையில் துண்டில் பொடிக் குமிழி தெரிந்தால் கதவு இன்னும் தயாராகவில்லை.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் ஒருவர் புதுச் சாயம் அடித்த லோரியைக் கொண்டுவந்தார். ‘புதன்கிழமை அடித்தது, காய்ந்துவிட்டது’ என்றார். வெள்ளிக்கிழமை ஒட்டிக் கொடுத்தேன். திங்கள்கிழமை காலை கடை திறப்பதற்கு முன்பே லோரி வாசலில் நின்றது. இரண்டு பக்கமும் அம்மை போட்ட உடம்பு மாதிரி. அவர் திட்டவே இல்லை. சும்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதுதான் இன்னும் மனத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் உரித்து, ஒரு மாதம் கழித்து என் செலவிலேயே திரும்ப ஒட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து கடைக்குள் வரும் ஒவ்வொரு வண்டிக்கும் முதல் கேள்வி, ‘சாயம் எப்போது அடித்தது?’ என்பதுதான்.

உங்கள் குமிழிகளை ஊசியால் குத்திப் பயனில்லை. மறுநாள் பக்கத்திலேயே வேறு வரும். உரித்துவிட்டு, கதவை வெயிலில் நன்றாக ஆற விட்டு, பிறகு புதிதாக ஒட்டுங்கள்.

ஒன்று விட்டுப்போனது. அச்சடித்த படமாக இருந்தால் மையிலும் இதே கதை உண்டு. சால்வென்ட் மையில், அதாவது தின்னர் மாதிரி ஆவியாகும் திரவம் கலந்த மையில், அச்சடித்ததும் ஆவி போக விடாமல் சுருட்டி, மேலே லேமினேட் போட்டுக் கையில் கொடுத்தால், மையின் ஆவி பசைக்குள் இறங்கி ஓரங்கள் சுருண்டு எழும். அச்சுக்குப் பிறகு ஒரு முழு நாளாவது தளர்வாகத் தொங்கவிட்டார்களா என்று அச்சுக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டு என்கிறார் அண்ணன். தண்ணீர் பட்டால் கெட்டது என்கிறார் ஈப்போ கடைக்காரர். யார் பேச்சைக் கேட்பது?
– மோட்டார் பட்டறை உதவியாள், கோலகங்சார்

இரண்டு பேரும் சொல்வது சரி. அவர்கள் வேறு வேறு வினைலை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள்.

வாங்கிய வினைலின் ஓரத்தைக் கொஞ்சம் உரித்து, பசைப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய கட்டம் கட்டமாகக் கோடுகள் தெரிந்தால் அது காற்றுக் கால்வாய் வைத்த பசை. த்ரீ எம், ஏவரி, ஒராகல் எல்லாரிடமும் இந்த வகை உண்டு. மாட்டிய காற்று அந்தக் கோடுகள் வழியாக ஓரத்துக்கு ஓடிவிடும். இதில் தண்ணீர் போட்டால் கால்வாய்க்குள் தண்ணீர் நிற்கும், காற்று போக வழி அடைபடும். ஆகவே காய்ந்த முறைதான்.

பசை வழவழவென்று ஒரே சீராக இருந்தால் அது சாதாரண வகை. வெட்டிய எழுத்து, கோடு, சின்னச் சின்னப் படம் இதற்கெல்லாம் அண்ணன் சொன்ன தண்ணீர் உதவும். ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு மூன்று துளி போதும். நுரை வந்தால் அதிகம் என்று அர்த்தம். கதவிலும் தெளித்து, பசையிலும் தெளித்து, வைத்து நகர்த்தி இடம் பார்த்து, பிறகு தண்ணீரை நடுவிலிருந்து வெளியே தள்ளவேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் இது சீக்கிரம் காயாது. எழுத்தின் மேலே இருக்கும் டிரான்ஸ்ஃபர் டேப்பை அவசரப்பட்டு இழுத்தால் எழுத்தும் கூடவே வந்துவிடும். ஒரு கோப்பி குடித்துவிட்டு வாருங்கள். டேப்பை மேலே தூக்காமல், தன்மேலேயே மடித்த மாதிரி கதவோடு ஒட்டினாற்போல இழுங்கள். அங்கங்கே பொடியாகத் தண்ணீர்க் குமிழி தெரிந்தால் பயப்பட வேண்டாம், சில நாளில் தானாக மறையும்.

காய்ந்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

முதலில் பின்தாளை உரிக்காமலேயே படத்தைக் கதவில் வைத்து, நான்கு மூலையிலும் மாஸ்கிங் டேப் போட்டு நிறுத்துங்கள். பத்தடி தள்ளிப் போய்ப் பாருங்கள். கிட்டே நின்றால் கோணல் தெரியாது. சரி என்று பட்டதும் படத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு நீளமான டேப். இதுதான் கீல். இப்போது வலது பக்கத்து மூலை டேப்புகளை எடுத்து, அந்தப் பாதியை இடது பக்கம் மடித்து, பின்தாளை நடுக்கோடு வரை உரித்து, தாளை மட்டும் வெட்டி எடுங்கள். கத்தி சாயத்தைத் தொடவே கூடாது. உரித்த பாதியை ஓரத்தில் லேசாக இழுத்துப் பிடித்து, கதவில் படாமல் வையுங்கள். அப்புறம் நடுவிலிருந்து ஸ்குவீஜி.

ஸ்குவீஜி என்பது ஓரத்தில் துணி ஒட்டிய பிளாஸ்டிக் தகடு. அதை ஏறத்தாழ 45 டிகிரி சாய்த்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே அழுத்தத்தில் இழுக்கவேண்டும். அடுத்த இழுப்பு முந்தின இழுப்பின் பாதியை மூடவேண்டும். கூரை வேயும்போது ஓலை ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறதே, அந்த மாதிரி. இரண்டு இழுப்புக்கு நடுவில் விரல் அகலம் விட்டால் அங்கேதான் குமிழி உட்காரும். இன்னொன்று, உள்ளங்கையால் தடவாதீர்கள். கை காற்றை ஒரு பக்கமாகத் தள்ளாது, நாலாபக்கமும் சிதறடிக்கும். வலது பாதி முடிந்ததும் கீலை எடுத்துவிட்டு இடது பாதி.

பசை அழுத்தத்தால்தான் பிடிக்கும். ஆகவே எல்லாம் முடிந்த பிறகு ஓரங்களை மட்டும் இன்னொரு முறை நன்றாக அழுத்துங்கள். முழுப் பிடிப்பு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை வண்டி கழுவ வேண்டாம்.

ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி என்னுடையது. மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரைதான் சும்மா நிற்கும். அந்த நேரத்தில் வீட்டு வாசலிலேயே ஒட்டிக்கொள்ளலாமா?
– லோரி ஓட்டுநர், லிந்தாங் சாலை

வேண்டாம் அண்ணே. மதிய வெயிலில் நின்ற அடர்நிறத் தகரம் 60 டிகிரியைத் தாண்டும். வாகன வினைல் ஒட்டுவதற்கு நல்ல சூடு ஏறத்தாழ 16 முதல் 32 டிகிரி வரைதான். அதற்கு மேல் போனால் பசை பட்ட உடனே பிடித்துக்கொள்ளும். நீங்கள் காற்றைத் தள்ளுவதற்கு முன்பே நாலு பக்கமும் ஒட்டி, காற்று நடுவில் சிறைப்படும். எடுத்துத் திரும்ப வைக்கலாம் என்று இழுத்தால் வினைல் சவ்வு மிட்டாய் மாதிரி நீளும். நீண்டது பிறகு சுருங்கும்.

புறங்கையைக் கதவில் வைத்துப் பத்து எண்ணுங்கள். சுடாமல் வைத்திருக்க முடிந்தால் ஒட்டலாம். என் கடையில் பெரிய வேலை எல்லாம் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்துப் பத்தரைக்குள் முடியும். இரவிலும் செய்வோம். ஆனால் மழை பெய்த இரவில் மட்டும் ஒட்டாதீர்கள். குழல்விளக்கைத் தேடி ஈசல் வரும். ஒரே ஓர் இறக்கை பசையில் விழுந்தால் போதும், அது வினைலுக்கு அடியில் வருஷக்கணக்கில் தெரியும். காற்றாடியையும் அணைத்துவிடுங்கள், தூசியைக் கிளப்பி நேராகப் பசையில் கொண்டு சேர்க்கும்.

உங்கள் லோரிக்குக் கழுவுவதுதான் பெரிய வேலை. தோட்டத்துச் செம்மண் தூசியும் குலையின் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து தகரத்தில் ஒரு தோல் மாதிரி படிந்திருக்கும். சோப்பு போட்டுக் கழுவி, கதவு ஓரம், கைப்பிடியின் அடி, ரப்பர் இடுக்கு எல்லாம் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எழுபது பங்கு, தண்ணீர் முப்பது பங்கு கலந்து ஒரு துணியால் துடைத்து, அது தானாகக் காய்வதற்கு முன் இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். தானாகக் காய விட்டால் கரைந்த பிசுக்கு அதே இடத்தில் திரும்பப் படியும். தின்னர் பக்கம் போகாதீர்கள், அது சாயத்தையே இளக்கும். டயருக்கு அடிக்கும் பளபளப்புத் தெளிப்பில் சிலிகான் இருக்கும். அது சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகரத்திலும் தெறித்திருக்கும். அந்த இடத்தில் மட்டும் ஸ்டிக்கர் தூக்குகிறது என்று வரும் வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாசார் மாலாம் வியாபாரத்துக்குப் பெட்டி லோரி வைத்திருக்கிறேன். பக்கமெல்லாம் ரிவெட், மடிப்பு. மலிவான வினைல் ஒட்டினேன், ஆணித்தலையைச் சுற்றிக் கூடாரம் மாதிரி நிற்கிறது.
– தின்பண்ட வியாபாரி, தாப்பா

வினைலில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, மாவைத் தோசைக் கல்லில் ஊற்றிச் சுடுவதுபோல் திரவமாக ஊற்றிக் காய்ச்சி எடுப்பது, காஸ்ட் என்பார்கள். தடிமன் 50 மைக்ரான் அளவு, தலைமுடியை விட மெலிது. இன்னொன்று சூடான உருளைகளுக்கு நடுவில் நசுக்கி இழுத்துச் செய்வது, காலண்டர்ட் என்பார்கள். ரொட்டி சானாய்க்கு மாவை இழுத்து விட்டால் பழைய அளவுக்குத் திரும்பச் சுருங்கப் பார்க்கும் அல்லவா? இரண்டாவது வகைக்கு அந்தக் குணம் உண்டு. சமமான கதவுக்கு அது போதும், காசும் குறைவு. ரிவெட், மடிப்பு, வளைவு என்றால் காஸ்ட் வாங்குங்கள். இதில் மிச்சம் பிடித்தால் ஆறே மாதத்தில் இரண்டாம் தடவை செலவு செய்வீர்கள்.

ஒட்டும்போது ரிவெட்டை முதலில் கண்டுகொள்ளாதீர்கள். சுற்றியுள்ள சமதளத்தை ஒட்டி முடியுங்கள், ஆணித்தலைமேல் கூடாரம் நிற்கட்டும். பிறகு கூடாரத்தின் அடியோரத்தில் ஊசியால் மூன்று நான்கு துளை. ஹீட் கன்னால் (சூடான காற்று ஊதும் கருவி) ஒரே இடத்தில் நிறுத்தாமல் வட்டமாகச் சூடு காட்டி, வினைல் இளகிப் பளபளத்ததும் கெட்டித் தூரிகையால் சுற்றிச் சுற்றி அழுத்துங்கள். ஒவ்வொரு ரிவெட்டும் தனி வேலைதான், நூறு இருந்தால் நூறு தடவை. கடைசியாக எல்லா ரிவெட்டுக்கும் மடிப்புக்கும் ஏறத்தாழ 100 டிகிரிச் சூடு மறுபடி காட்டவேண்டும், அப்போதுதான் இழுபட்ட வினைல் பழைய வடிவத்தை மறக்கும். சூடு பார்க்கத் தொழிற்கூட வெப்பமானி வாங்குங்கள். கோவிட் காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அந்தக் கருவி இவ்வளவு சூட்டைக் காட்டாது.

ஒட்டியாகிவிட்டது, குமிழியும் வந்துவிட்டது. கத்தியால் கீறி அமுக்கிவிடலாமா?
– வாசகி, லூனாஸ்

கத்தியை எடுக்காதீர்கள் தங்கச்சி. கீறல் வெயிலில் வாய் பிளக்கும். உள்ளே அழுக்கு போய்க் கறுப்புக் கோடாக நிற்கும், கீழே சாயமும் போய்விடும்.

முதலில் விரலால் அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் காற்று. நடுவில் கடுகு மாதிரி உறுத்தினால் மண்துகள், அதற்கு மருந்து இல்லை, உரித்து எடுத்தால்தான் உண்டு. காற்று என்றால், நகத்தை விடச் சின்னதை இரண்டு வாரம் தொடாமல் விடுங்கள். வினைல் வழியாகக் காற்று மெல்லக் கசிந்து போகும், பாதிக்கு மேல் தானாக அடங்கும். பெரியதற்கு மெல்லிய தையல் ஊசி. உச்சியில் குத்தாதீர்கள். குமிழியின் ஓரத்தில், ஊசியைச் சாய்த்துப் பிடித்து ஒரு துளை போட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து துளையை நோக்கி விரலால் தள்ளுங்கள். உச்சியில் குத்தினால் துளை முதலில் படிந்து அடைபட்டு, சுற்றி வளையமாகக் காற்று மிச்சம் நிற்கும்.

ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குத் தைப்பூசத்துக்குப் போகும் எங்கள் வேனில் ஒவ்வொரு வருஷமும் முருகன் படம் ஒட்டுகிறோம். போன வருஷம் சரியாக முகத்திலேயே குமிழி. மனசு கேட்கவில்லை. விழா முடிந்து எடுப்பதும் சங்கடமாக இருக்கிறது.
– கோயில் இளைஞர் குழு, சுங்கை சிப்புட்

நம் ஊர்ப் பிள்ளைகளா? எனக்கும் அது பொறுக்காது. சாமி படத்துக்கு நான் கீலை நடுவில் போடுவதில்லை, முகத்துக்கு நேராகப் போடுவேன். முதல் இழுப்பு நெற்றியில் விழும், அங்கிருந்து வேலும் மயிலும் வெளிப்பக்கம் போகும். அப்போது ஏதாவது சுருக்கம் மிஞ்சினாலும் திருமுகத்தில் வராது. இரண்டு துண்டாக அச்சடித்தால் இணைப்பு முகத்தையும் கையையும் வெட்டாத இடமாகப் பார்த்து அச்சுக் கடையில் சொல்லுங்கள். கதவு இடுக்கில் பாதம் போகாமல் படத்தை மேலே ஏற்றி வையுங்கள். ரப்பரின்மேல் எந்த ஓரமும் முடியவேண்டாம், அங்கே பிடிக்காது. மூலைகளை வெள்ளிக்காசு அளவுக்கு வளைத்து வெட்டினால் சீக்கிரம் தூக்காது.

தைப்பூச நேரத்தில் மழையும் இருக்கும். விழாவுக்கு முதல் நாள் இரவு ஓடிவராமல் நாலைந்து நாள் முன்னால் வாருங்கள்.

எடுப்பதற்கு: வெயில் ஏறிய பிறகு, அல்லது ஹீட் கன்னால் கை பொறுக்கும் சூடு காட்டி, ஒரு மூலையிலிருந்து கதவோடு தாழ்வாக, மெதுவாக இழுங்கள். பட்டென்று இழுத்தால் பசை கதவிலேயே தங்கும். ஒரு வருஷத்துக்கு மேல் கூரையிலும் முன்மூடியிலும் விடாதீர்கள். வெயிலைப் படுத்தபடி வாங்கும் இடங்கள் அவை, அங்கே வினைல் நொறுங்கிப் பொடியாக வரும், அப்போதுதான் சாமி படம் துண்டு துண்டாகும். எடுத்த படத்தைச் சுருட்டி என்னிடம் கொடுத்துவிடுங்கள். நான் குப்பையில் போட மாட்டேன்.

காடி முழுக்க வேறு நிற வினைல் சுற்றலாமா? கண்ணாடிக்கும் கறுப்பு ஒட்டலாமா?
– வாசகர், கூலிம்

பதிவில் இருக்கும் நிறமும் கண்ணுக்குத் தெரியும் நிறமும் ஒன்றாக இருக்கவேண்டும். முழுதாக மாற்றுவதாக இருந்தால் முதலில் ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்துக்குப் போய்வாருங்கள். கண்ணாடிக்கு 2019 மே மாதம் முதல் உள்ள விதி: முன்கண்ணாடி வழியாக 70 விழுக்காடு வெளிச்சம் போகவேண்டும், முன்பக்கச் சன்னல்களில் 50 விழுக்காடு. அதைவிடக் கறுப்பாக முன்னால் ஒட்டச் சொன்னால் நான் ஒட்டுவதில்லை.

அக்கா, எஸ்.பி.எம். தேர்வு முடித்துவிட்டேன். இந்த வேலை பழக ஆசை. பெண்பிள்ளைக்கு ஒத்துவருமா? எதில் ஆரம்பிப்பது?
– ஒரு தங்கை, தோட்டத்து வீடு, சுங்கை சிப்புட்

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒத்துவருமா என்று கேட்காதே, நான் இதில்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். பலம் வேண்டிய வேலை இது இல்லை. பொறுமையும் நல்ல கண்ணும் வேண்டும்.

முதலில் வண்டியில் கை வைக்காதே. வீட்டில் பழைய ஐஸ்பெட்டி இருந்தால் அதன் கதவு போதும், சமமாக, வழவழப்பாக இருக்கும். அச்சுக் கடையில் மிஞ்சிய வினைல் துண்டுகளைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். ஏ4 தாள் அளவில் வெட்டி, கீல் போட்டு ஒட்டு, உரி, திரும்ப ஒட்டு. ஐம்பதாவது துண்டில் கை தானாகச் சாயும் கோணம் உனக்கே தெரியும். அப்புறம் வளைந்த பொருள், மோட்டாரின் எண்ணெய்த் தொட்டி மாதிரி.

கடைக்குப் பின்னால் ஒரு பழைய வேன் கதவு சாய்த்து வைத்திருக்கிறேன், நான் பழகியதும் அதில்தான். ஞாயிறு தவிர எந்த நாளும் காலை ஏழரைக்கு வா, தகரம் சூடேறுவதற்கு முன்னால். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வா.